பதினோராம் கட்டம்

பள்ளிப்பட்டு தாண்டி நகரி போகும் சாலையை
நான்கு வழியாக்கப் போகிறார்கள்.
இரு புறமும் முப்பது மீட்டருக்குள்
வேர்விட்ட யாவற்றையும் எண்ணித் தரவேண்டும்.
நாளுக்கு எழுநூறு ரூபாய், மதியச் சோறு, கையில் ஒரு டேப்லெட்.

வேம்பு எண்ணினேன். புங்கு எண்ணினேன்.
ஆவாரையை எண்ணி அலுத்து
குத்துமதிப்பாய்ப் போட்டேன், யாரிடமும் சொல்லவேண்டாம்.

எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில்
தேசம்மாளின் மாந்தோப்பு வேலியில்
இது நின்றிருந்தது.
நின்றிருந்தது என்பது தவறு.
படர்ந்திருந்தது என்பதும்.

பதினோராம் கட்டம்: வளரியல்பு.
மரம். புதர். கொடி. பூண்டு.
ஒன்றை மட்டும் தொடவும்.

கொடியென்றால் சுற்றவேண்டும், இது எதையும் சுற்றவில்லை.
பற்றுக்கம்பி கிடையாது. ஒட்டிக்கொள்ளும் வேர் கிடையாது.
ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் இரண்டு முள்,
பின்னோக்கி வளைந்தவை.
இலையடிச் செதில்தான் முள்ளாகிவிட்டது என்று
கல்லூரியில் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன்.
அந்தக் கொக்கிகளை மாட்டி, இன்னும் கொஞ்சம் வளர்ந்து,
மறுபடி மாட்டி,
கல்தூணின் மேல், முள்கம்பியின் மேல், நுணா மரத்தின் மேல்.
என் துப்பட்டாவையும் ஒரு கிளையென்று நினைத்தது.
என் பக்கம் இழுத்தேன், இறுகியது.
அதன் பக்கமே ஓரடி போனதும் விட்டது.

புதரென்றால் தன் காலில் நிற்கவேண்டும்.
அடித்தண்டு என் மணிக்கட்டுப் பருமன், நல்ல வைரக்கட்டை.
இடுப்புயரம் வரை நிற்கிறது,
அதற்குப் பிறகுதான் ஆள் தேடுகிறது.

தளிரெல்லாம் இரும்புத் துரு.
கட்டை விரலால் தேய்த்தால் அந்த மயிர்ப்பூச்சு உதிர்கிறது,
உள்ளே பச்சை.
முதிர்ந்த இலையில் துருவே இல்லை, பளபளப்பு,
நுனியில் மட்டும் ஊசியளவு ஒரு குத்தல்.

பங்குனி. இலைக்கக்கத்துக்கு மேலே
ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு மொட்டு, ஏணிப்படி போல.
இன்று விரிந்தது வெள்ளை.
முந்தி விரிந்தது இளஞ்சிவப்பாகித் தொய்ந்திருக்கிறது.
இதழ் நான்குதான். மகரந்தத்தாள்களை
முப்பத்தேழு வரை எண்ணினேன், காற்று கலைத்துவிட்டது.
அந்த இழைகளின் நீளத்துக்கே ஒரு காம்பு நீண்டு
அதன் முனையில் சூலகம்,
பூவுக்குள் இடமில்லாததுபோல் வெளியே போய் நிற்கிறது.
காய் அங்கேதான் பிடிக்கும்.
பழுத்தால் சிவப்பு என்று நிரப்பினேன், பார்த்ததில்லை.
இங்கே எதையும் பழுக்க விடுவதில்லை.

"ஆதொண்டைங்க. வத்தல் போட்டா கசப்பு போயிடும்.
திருத்தணி ஆளு கிலோ தொண்ணூறுக்கு எடுக்கறான்.
புதர்னு போடும்மா. கொடிக்குக் காசு கிடையாதாம்."

"யார் சொன்னது?"

"அந்தப் பக்கம் அளக்க வந்தானே லோகநாதம்,
நேத்து தீகென்னு எழுதிட்டுப் போயிட்டான்."

அப்போதுதான் பார்த்தேன். அடி இந்தப் பக்கம்.
எல்லைக் கல்லை முழுதாய் மூடி ஏறி
நுணாவோடு சாய்ந்த முக்கால்வாசி அந்தப் பக்கம்.
ஆந்திரா உங்களை வரவேற்கிறது என்று
என் கைப்பேசி அன்றைக்கு நான்காவது முறை சொன்னது.

அவர் கொடியை எண்ணிவிட்டார்.
நான் புதரைத் தொட்டேன்.
ஒரே வேருக்கு இரண்டு பதிவு, ஒரு பாதி நஷ்டஈடு.
குறிப்பு என்ற இடத்தில் ஏறும் என்று எழுதினேன்.
எழுத்து வரம்பு மீறியது, என்றது டேப்லெட்,
நான்கே எழுத்துக்கு.
அழித்தேன். அடுத்தது ஒரு சப்பாத்திக்கள்ளி, அதில் தகராறில்லை.

ராத்திரி லாட்ஜில் குளிக்கும்போது எரிந்தது.
முழங்கைக்குக் கீழே கீறல்கள்,
இரண்டிரண்டாக.